கசிந்த பேட்டரியும் ஒலிக்காத ஹை-ஹாட்டும்: பழைய டிஆர்-606 ஒன்றை எங்கிருந்து பழுதுபார்க்கத் தொடங்குவது?

ஒசாகாவில் பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றின் 'ஜங்க்' பெட்டியிலிருந்து ரோலாண்டு டிஆர்-606 டிரம் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது என்றும், அடாப்டரில் இயக்கினால் விளக்குகள் எரிகின்றன என்றும், ஆனால் நீங்கள் பதிவு செய்யாத தாளங்கள் ஒழுங்கில்லாமல் ஒலிக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டுகளின் ஒலி) மூடியதும் திறந்ததும் இரண்டுமே ஒலிக்கவில்லை. சிம்பல் மட்டும் நன்றாக ஒலிக்கிறது. ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்மின் ஒலி) 'டுக்' என்று நின்றுவிடுகிறது, அதன் பின்னால் வர வேண்டிய 'ஷ்ஷ்' வரவில்லை. மூன்று பொத்தான்கள் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிகின்றன. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் (உள்ளே திரவம் கொண்ட மின்தேக்கிகள்) அனைத்தையும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா என்பது உங்கள் கேள்வி. அடுத்த ஆண்டு கோயம்புத்தூர் திரும்பும்போது இதை எடுத்துவரப் போவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கெபாசிட்டரைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், எங்கிருந்து தொடங்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மின்னணுவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டுகளையும் ரிதம் மெஷின்களையும் பழுதுபார்த்து வருகிறேன். டிஆர்-606 ஏழெட்டைத் திறந்து சரிசெய்திருக்கிறேன். அதன் மூத்த சகோதரமான டிஆர்-808 என் மேசைக்கு வந்தது இரண்டே முறை. ஆகவே 606 பற்றி நான் சொல்வதில் கைப்பழக்கம் அதிகம். 808 பற்றிச் சொல்வதில் சர்க்யூட் வரைபடத்தைப் படித்து அறிந்தது அதிகம். உங்கள் கருவியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் விவரித்த அறிகுறிகளிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன, ஊகம் மட்டுமே செய்யக்கூடியவையும் சில இருக்கின்றன. இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. நீங்கள் பதிவு செய்யாத தாளம் ஒலிப்பது பழுது அல்ல. 1981-இல் வெளிவந்த இந்தக் கருவியில் தாளங்கள் சேமிக்கப்படுவது, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் ராம் சில்லுகளில்தான். கருவியை நிறுத்திய பிறகும் அந்த நினைவைக் காப்பாற்றுவது அடியிலுள்ள நான்கு 'சி' அளவு பேட்டரிகள். அவை செத்துப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி மின்சாரம் கொடுக்கும்போது, ராமின் ஒவ்வொரு பிட்டும் தனக்குத் தோன்றிய நிலையில், ஒன்றாகவோ பூஜ்யமாகவோ விழித்தெழும். கருவி அதைத் தாளம் என்று நம்பி வாசிக்கிறது. ஒவ்வொரு பேட்டர்னையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னும் சொன்னால் இது நல்ல செய்தி. விளக்குகள் ஒழுங்காக ஓடி, தாளம் ஒரு சீரான வேகத்தில் நகர்கிறதென்றால், உள்ளே இருக்கும் என்இசி நிறுவனத்தின் நான்கு பிட் கட்டுப்பாட்டுச் சில்லு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தச் சில்லுக்குள் ரோலாண்டின் நிரல் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கடையில் அதே எண்ணுள்ள வெற்றுச் சில்லை வாங்கிப் பொருத்த முடியாது, இன்னொரு 606-இலிருந்துதான் எடுக்க வேண்டும். மற்ற எந்தப் பாகம் போனாலும் ஏதாவது ஒரு வழி இருக்கும். அது பிழைத்திருப்பதால் உங்கள் கருவி நிச்சயம் மீட்கக்கூடியது.

இப்போது பேட்டரி அறைக்கு வருவோம், ஏனெனில் இதைத் தள்ளிப்போட்டால் மற்ற வேலைகளெல்லாம் வீண். வெள்ளைப் பொடி அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆனது. இது காரம். ஆகவே இதை நீக்குவதற்கு மெல்லிய அமிலம் வேண்டும்: சமையலறை வினிகரோ, அது இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறோ போதும். பலர் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்க்கிறார்கள். கார் பேட்டரியின் அமிலக் கசிவுக்கு அது சரி; இங்கே காரத்தின்மேல் காரத்தைப் போடுவதால் பயன் ஒன்றும் இல்லை. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, பொடியை ஊதாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்துத் தொட்டுத் தொட்டுத் துடையுங்கள். நுரை அடங்கிய பிறகு டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, கடைசியாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். வினிகரை அப்படியே விட்டுவிட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும் என்பதால் தண்ணீரில் துடைக்கும் படியைத் தவிர்க்க வேண்டாம்.

பேட்டரி அறையைச் சுத்தம் செய்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கசிந்த திரவம் ஸ்பிரிங்கோடு நிற்பதில்லை. ஸ்பிரிங்கிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரின் பிளாஸ்டிக் உறைக்குள், செப்பு இழைகளின் இடுக்கு வழியாக, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிச் செல்லும். ஒயரின் நுனியைச் சீவிப் பாருங்கள். உள்ளே செப்பு கறுத்திருந்தால் அதில் சால்டரிங் ஒட்டாது. பளபளக்கும் செப்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், அல்லது ஒயரையே மாற்றிவிட வேண்டும். நான் சரிசெய்த 606-களில் ஒன்று ஆறு மாதத்தில் தன் தாளங்களை மறந்து திரும்பிவந்தது. ஸ்பிரிங்கைப் பளிச்சென்று துடைத்துவிட்டு ஒயரைப் பார்க்காமல் விட்டது என் தவறு. அன்றிலிருந்து, கசிவு கண்ட கருவியில் பேட்டரி ஒயர்களை யோசிக்காமல் மாற்றிவிடுகிறேன். செலவு பத்து ரூபாய்தான்.

அடுத்தது மின்சாரம். 606-க்குத் தேவை 9 வோல்ட் டிசி, நடு ஊசி மைனஸ், வெளி உருளை பிளஸ். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேரெதிராக, நடுவில் பிளஸ்ஸோடு வருபவை. ஆகவே மல்டிமீட்டரால் அளக்காத எந்த அடாப்டரையும் செருக வேண்டாம். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் சுமை இல்லாதபோது 12, 13 வோல்ட்கூடக் காட்டும். அது அவற்றின் இயல்பு என்றாலும், இப்போது கிடைக்கும் சீரான 9 வோல்ட் அடாப்டரையே நான் பரிந்துரைப்பேன். நீங்கள் ஜப்பானில் வாங்கிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருந்தால் அதைக் கோயம்புத்தூரில் 230 வோல்ட்டில் செருகிய சில நொடிகளில் புகை வரும். அதன் முதுகில் '100–240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை ஜப்பானிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இந்த இடத்தில், உங்களைப்போல ஜப்பானிலிருந்து பெரிய கருவிகளை எடுத்துவர நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 808 போன்றவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானிய உள்நாட்டு மாதிரி 100 வோல்ட்டுக்கானது என்பதால் இங்கே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தரும் பெட்டி. அந்தப் பத்து சதவீத மிகுதி முழுவதும் உள்ளே ரெகுலேட்டர்களில் வெப்பமாகத்தான் வெளியேறும். 100 வோல்ட்டுக்கே சுற்றித் தரச் சொல்லி வாங்குவது நல்லது. அலைவெண்ணைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஜப்பானில் ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே நீங்கள் இருக்கும் ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்று நாடே இரண்டாகப் பிரிந்திருப்பதால், அங்கு விற்ற கருவிகள் இரண்டுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டவை. தாளத்தின் வேகம் கருவியின் உள் கடிகாரத்தைப் பொறுத்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அலைவெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மின்சாரம் கொடுத்ததும் செய்ய வேண்டிய முதல் அளவு, சர்வீஸ் மேனுவலில் குறித்திருக்கும் ஒவ்வொரு வோல்ட்டேஜும் போர்டில் சரியாக வருகிறதா என்பது. மேனுவலின் நகல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அதில் முழு சர்க்யூட்டும் இருக்கிறது. டிசி அளவு சரியாக இருந்தால், மல்டிமீட்டரை ஏசிக்கு மாற்றி அதே புள்ளிகளில் மறுபடி அளந்து பாருங்கள். பத்து, இருபது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் வடிகட்டும் கெபாசிட்டர்கள் தங்கள் வேலையைச் செய்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். நூறு, இருநூறு மில்லிவோல்ட் என்று காட்டினால் பவர் பகுதியின் பெரிய எலக்ட்ரோலிட்டிக்குகள் காய்ந்துவிட்டன, அவற்றை மாற்றத்தான் வேண்டும். உங்கள் நண்பரின் ஆலோசனைக்கு முதல் பாதிப் பதில் இந்த அளவிலேயே கிடைத்துவிடும்.

ஹை-ஹாட்டின் மௌனத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் உங்கள் கேள்வியின் மிகச் சுவையான பகுதி இதுதான், ஏனெனில் எந்த ஒலி இருக்கிறது, எந்த ஒலி இல்லை என்பதை வைத்தே பழுதின் இருப்பிடத்தை இந்தக் கருவி நமக்குச் சொல்லிவிடுகிறது. இதில் உலோக ஒலிக்குப் பதிவு செய்த மாதிரி எதுவும் கிடையாது. ஒரே ஐசிக்குள் இருக்கும் ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர்களைக் கொண்டு, ஒன்றோடொன்று இசையாத ஆறு அலைவெண்களில் சதுர அலைகளை உண்டாக்குகிறார்கள். அவை ஒன்றுசேரும்போது எந்தச் சுரமும் பிடிபடாத ஒரு கரகரப்பு கிடைக்கிறது. அதை வடிகட்டிகளால் மேல் அலைவெண்களுக்குச் சுருக்கி, டிரான்சிஸ்டரால் திறந்து மூடினால் சிம்பலாகவும் ஹை-ஹாட்டாகவும் கேட்கிறது. 808-இலும் இதே ஏற்பாடுதான். அதில் கௌபெல் ஒலியும் இந்த ஆறில் இரண்டிலிருந்து, ஏறத்தாழ 540, 800 ஹெர்ட்ஸில் ஓடும் இரண்டிலிருந்து, பிறக்கிறது. ஆக, உங்கள் கருவியில் சிம்பல் ஒலிக்கிறதென்றால் அந்த ஆறு ஊற்றுகளும் அவற்றின் ஐசியும் நன்றாக இருக்கின்றன என்பது உறுதி. பழுது அதற்குப் பின்னால், ஹை-ஹாட்டுக்கு மட்டும் பிரிந்து போகும் பாதையில் இருக்கிறது.

இரண்டு ஹை-ஹாட்களும் ஒரே நேரத்தில் மௌனமானதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முகப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வால்யூம் குமிழ்தான் இருக்கிறது. அதைக் கருவி நிறுத்தியிருக்கும்போது முப்பது, நாற்பது முறை முழுதாகச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். நான் கண்ட ஒரு கருவியில் இது மட்டுமே பழுது. கார்பன் தடத்தின்மேல் படிந்த ஆக்சைடு அகன்றதும் ஒலி வந்துவிட்டது. வந்தால், கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உள்ளே ஒரே ஒரு சொட்டு விட்டு மறுபடி சுழற்றுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேக்களை விட வேண்டாம்; அவை அன்றைக்குச் சரிசெய்து, பிறகு தூசியை ஈர்த்துப் பசையாக்கிவிடும். ஒலி வராவிட்டால் சிக்னலைப் பின்தொடர வேண்டும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் செய்த முறை இதற்குப் போதும்: பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தொடர்ச்சியாக இணைத்து, அதன் மறுநுனியால் சர்க்யூட்டின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக் கேளுங்கள். கரகரப்பு எந்தப் புள்ளிவரை கேட்கிறது, எங்கே அறுபடுகிறது என்பது தெரிந்தால், அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருப்பது மூன்று நான்கு பாகங்களாகத்தான் இருக்கும். ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது இல்லாமலேயே நான் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன்.

ஸ்நேரின் கதையும் இதே தர்க்கம்தான். 'டுக்' என்னும் உடல் ஒலி ஒரு ரெசனேட்டரிலிருந்தும், 'ஷ்ஷ்' என்னும் வால் ஒலி வெள்ளை இரைச்சலிலிருந்தும் வருகின்றன. உடல் இருந்து வால் இல்லையென்றால் இரைச்சல் பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் வந்துசேரவில்லை. இரைச்சல் பிறப்பது ஒரு டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் சந்தியைத் தலைகீழ் மின்னழுத்தத்தில் முறிவு நிலைக்குத் தள்ளுவதால்தான். அங்கே உண்டாகும் சீரற்ற மின்னோட்டத்தைப் பெருக்கினால் அருவி விழுவதுபோன்ற ஒலி கிடைக்கும். மேலே சொன்ன ஆம்ப்ளிஃபையரால் அந்த டிரான்சிஸ்டருக்கு அடுத்துள்ள பெருக்கியின் வெளியீட்டைத் தொடுங்கள். அங்கே இரைச்சல் கேட்டு, அதற்கு அடுத்த கெபாசிட்டரின் மறுபக்கம் கேட்காவிட்டால் அந்த ஒரு கெபாசிட்டர்தான் காரணம். ஆம், இந்த இடத்தில் உங்கள் நண்பர் சொன்னது பலிக்கக்கூடும். ஆனாலும் மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

அந்த டிரான்சிஸ்டரே போயிருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். எந்தச் சிலிக்கான் டிரான்சிஸ்டரும் இப்படித் தலைகீழாக இணைத்தால் இரைச்சல் தரும். ஆனால் அளவு ஒவ்வொன்றுக்கும் மாறுபடும், ஒரே பையிலிருந்து எடுத்த பத்தில்கூட இரண்டு ஒன்றுபோல இருக்காது. ஆகவே மூன்று கால் சாக்கெட் ஒன்றைச் சால்டர் செய்து, பத்துப் பதினைந்தைச் செருகிக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலையிலும் இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். 808-க்காக 2எஸ்சி828 என்னும் டிரான்சிஸ்டர்களில் இரைச்சல் மிகுந்து கழித்துப் போடப்பட்டவற்றை ரோலாண்டின் நிறுவனர் இகுடாரோ காகேஹாஷியின் குழு வாங்கிப் பயன்படுத்தியது என்பதும், குறைக்கடத்தித் தொழில் முன்னேறியதால் அத்தகைய கழிவு கிடைக்காமல்போனது 808 உற்பத்தி நின்றதற்குக் காரணம் என்பதும் பரவலாகச் சொல்லப்படுபவை. 1980 முதல் 1983 வரை ஏறத்தாழ 12,000 கருவிகளோடு அதன் உற்பத்தி முடிந்தது. அந்தக் கதையோடு சேர்த்து, 808-இன் சிம்பல் அந்தப் பழுதுபட்ட டிரான்சிஸ்டரால்தான் அப்படி ஒலிக்கிறது என்றும் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. சர்க்யூட்டைப் பார்த்தால் அதன் சிம்பல் அந்த ஆறு சதுர அலைகளிலிருந்து வருகிறது. இரைச்சல் டிரான்சிஸ்டர் போய்ச் சேரும் இடங்கள் ஸ்நேர், கைதட்டல், மராக்கஸ் போன்றவை. பழுதுபார்ப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம், ஏனெனில் கதையை நம்பிச் சிம்பலுக்காக டிரான்சிஸ்டரை மாற்றினால் நாள் வீணாகும்.

டிரான்சிஸ்டர் மாற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. 2எஸ்சி வரிசை ஜப்பானிய டிரான்சிஸ்டர்களில் பலவற்றுக்கு, தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால், கால்கள் எமிட்டர், கலெக்டர், பேஸ் என்ற வரிசையில் இருக்கும். நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிசி547-இல் அது கலெக்டர், பேஸ், எமிட்டர். ஓட்டைக்கு நேராகச் செருகிவிட்டு வேலை செய்யவில்லையே என்று குழம்பி என்னிடம் வந்தவர்கள் பலர். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஜப்பானிய எண்களும் கிடைக்கும், ஆனால் புதிதாக அச்சிட்ட போலிகளும் கலந்திருக்கும். வாங்கியதும் மீட்டரில் கால்களை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இருமுறை பதியும் பொத்தான்களைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. உள்ளேயிருக்கும் மெல்லிய உலோகக் குமிழி ஆக்சைடு படிந்தோ தளர்ந்தோ போய்விட்டதால், ஒரு அழுத்தலுக்குள் தொடர்பு பலமுறை விட்டுவிட்டு ஏற்படுகிறது. கான்டாக்ட் கிளீனர் சில வாரங்களுக்கு உதவும். நிலையான தீர்வு மாற்றுவதுதான். மீட்டரை ஓம்ஸில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். நல்ல சுவிட்சு ஒரு ஓம்முக்கும் கீழே அசையாமல் நிற்கும். கெட்டது பத்து, நூறு என்று தாவும். புதியது வாங்கும்முன் பழையதன் தண்டின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், உயரம் கொஞ்சம் மாறினாலும் மேலேயுள்ள பிளாஸ்டிக் பொத்தான் சிக்கிக்கொள்ளும். மூன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றலாமா என்று நினைப்பீர்கள். சுவிட்சுகளைப் பொறுத்தவரை நான் அதை ஆதரிக்கிறேன். ஒன்றாகவே தேய்ந்தவை, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவை ஒலியைத் தொடாதவையும்கூட.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி: எல்லா எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றலாமா? வேண்டாம் என்பது என் பதில், அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கருவிகளின் பேஸ் டிரம் உருவாவது பிரிட்ஜ்டு-டி என்னும் வலையமைப்பில். மணியைத் தட்டினால் ஒலித்து அடங்குவதுபோல, ஒரு துடிப்பால் தட்டப்பட்ட வலையமைப்பு தன் இயல்பான அலைவெண்ணில், 808-இல் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில், அதிர்ந்து அடங்குகிறது. அந்த அலைவெண்ணைத் தீர்மானிக்கும் கெபாசிட்டர்கள் பாலியெஸ்டர் படலத்தால் ஆனவை. 808-இல் அவை 0.015 மைக்ரோஃபாரட் மதிப்புள்ள ஒரு ஜோடி. படல வகை கெபாசிட்டர்களுக்குள் காய்ந்துபோகத் திரவமே கிடையாது. நாற்பது ஆண்டு கழித்தும் மதிப்பு மாறாமல் நிற்பதைத்தான் நான் அளக்கும்போதெல்லாம் கண்டிருக்கிறேன். எலக்ட்ரோலிட்டிக்குகள் பெரும்பாலும் இருப்பது மின்சாரத்தை வடிகட்டும் இடத்திலும், ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு ஒலியைக் கடத்தும் இடத்திலும்தான். அவற்றை மாற்றினால் டிரம்மின் குரல் திரும்பிவரும் என்பது, எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்று பாராமல் சொல்வது.

மாற்றுவதால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். அக்காலத்துப் போர்டுகளில் பலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே செப்புத் தடம். ஓட்டைக்குள் உலோகப் பூச்சு கிடையாது. நூறு இணைப்புகளை உருக்கி எடுக்கும்போது இரண்டு மூன்றில் தடம் உரிந்து வருவது அனுபவசாலிக்கே நடக்கும். ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. ஒரே நாளில் ஐம்பதை மாற்றிய பிறகு புதிய பழுது வந்தால், அது எங்கே வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. என் மேசைக்கு வந்த மிகக் கடினமான கருவிகள், கிடப்பில் போட்டுக் கெட்டவை அல்ல. நல்ல எண்ணத்தோடு முழுதாக மாற்றப்பட்டுக் கெட்டவை. ஆகவே, உப்பியது, கசிந்தது, அளவில் மதிப்புக் குறைந்தது, ஏசி அளவில் மாட்டிக்கொண்டது, இவற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியவற்றைத் தேதி எழுதிய உறையில் போட்டு வையுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு, 1980-களின் இறுதியிலிருந்து வந்த கருவிகளில் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும் சிறிய உலோக உருளை கெபாசிட்டர்கள். அவை கசிந்து அடியிலுள்ள தடத்தையே தின்பவை, கெடும்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் 606 அந்தத் தலைமுறைக்கு முந்தியது.

புதிய கெபாசிட்டர்களால் ஒலியின் தன்மை மாறுமா என்பது உறுதியாகச் சொல்ல முடியாதவற்றில் ஒன்று. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பதிவு செய்து ஒப்பிட்டபோது, பழையது உண்மையாகவே மதிப்பிழந்திருந்தால் கீழ் ஒலி நிறைவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல நிலையிலிருந்ததை மாற்றியபோது எதுவும் கேட்கவில்லை. நல்ல காதுள்ள சிலர் வேறுபாடு உண்டு என்கிறார்கள். நான் மறுக்கவில்லை, ஆனால் என் அனுபவத்தில் அது ஒரு 606-க்கும் இன்னொரு 606-க்கும் இயல்பாகவே உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது. அந்த ஆறு அலையூற்றுகளின் அலைவெண்கள் பாகங்களின் சகிப்பளவுக்கு ஏற்ப ஒவ்வொரு கருவியிலும் சற்றே விலகியிருக்கும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், அது உங்கள் கருவியின் சொந்தக் குரல்.

நண்பர் வேறு கருவிகளிலும் இதே வேலையைச் செய்யச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1982-இல் ரோஜர் லின் வெளியிட்ட லின்டிரம் போன்றவை பதிவு செய்த ஒலிகளை ஈப்ரோம் சில்லுகளில் வைத்திருப்பவை. அவற்றில் முதல் வேலை கெபாசிட்டர் அல்ல. சில்லின் கண்ணாடிச் சன்னலை மூடிய ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு சில்லின் உள்ளடக்கத்தையும் புரோகிராமரால் படித்துக் கணினியில் நகல் எடுத்து வைப்பதுதான். புற ஊதா ஒளியில் அழியும்படி செய்யப்பட்ட நினைவு அது. நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் செய்த கருவியானால், இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

கோயம்புத்தூர் வந்த பிறகு பராமரிப்பு எளிது. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் இயக்கி, எல்லாக் குமிழ்களையும் பொத்தான்களையும் பயன்படுத்துங்கள். நல்ல தரமான பேட்டரியைப் போட்டு, அது தீராவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது அடாப்டர் இணைந்திருந்தால் தாளங்கள் அழியாது. மூன்று மாதத்துக்கு மேல் தொடமாட்டீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தாளங்களைப் பதினாறு கட்டம் போட்ட தாளில் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பதைவிட, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு துணி மூடி வைப்பது நல்லது. கணினியோடு இணைக்கும்போது பின்னாலுள்ள ஐந்து ஊசித் துளையைப் பார்த்து மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது முறை) என்று நினைத்துவிட வேண்டாம். அது டின் சிங்க், கருவிகளின் வேகத்தை ஒன்றிணைக்கக் கால் சுரத்துக்கு 24 துடிப்புகள் வீதம் பேசுவது. இடையில் மாற்றிப் பெட்டி ஒன்று வேண்டும்.

இப்போதைக்கு பேட்டரி அறையைச் சுத்தம் செய்து, அந்த இரண்டு ஒயர்களையும் மாற்றி, மேனுவலில் உள்ள வோல்ட்டேஜ் புள்ளிகளை டிசியிலும் ஏசியிலும் அளந்து எழுதுங்கள். ஹை-ஹாட் குமிழைச் சுழற்றிய பிறகு ஒலி வந்ததா என்பதையும், இரைச்சல் டிரான்சிஸ்டருக்கு அடுத்த புள்ளியில் என்ன கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்று எண்ணோடு குறிப்பிட்டுச் சொல்ல முடியும். அதுவரை சால்டரிங் அயர்னை ஒயர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.